முப்பத்தொன்றாவது லெவலின் இடது பாதை

தினேஷ்,

இதைக் கிரேன் மேல் உட்கார்ந்துகொண்டு படிக்காதே. கீழே இறங்கி, ஒரு டீ வாங்கிக்கொண்டு, நிழலாகப் பார்த்து உட்கார்ந்த பிறகு படி. அப்பாவுக்குப் பேசத்தான் தெரியும், எழுதவா தெரியும் என்று நினைப்பாய். சரிதான். கிள்ளான் துறைமுகத்துக்கு நீ வேலைக்குப் போன இந்த ஆறு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். நீ சிரிப்பாய், "சரி சரிப்பா" என்பாய், வைத்துவிடுவாய். பக்கத்தில் உன் அம்மா நின்றுகொண்டு கண்ணாலேயே என்னை மிரட்டுவாள். அதனால்தான் கையால் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். ஆவணியில் உனக்குக் கல்யாணம். கல்யாணம் கட்டப்போகும் பிள்ளைக்கு அப்பன் எழுதினால் பத்துப் புத்திமதியாவது இருக்க வேண்டும். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உன் கண்களை ஒரு கண் டாக்டரிடம் காட்டு. மற்றதெல்லாம் அது ஏன் என்பதற்கான கதை. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. அணையைத் திறந்து லெம்பா பெர்த்தாம் வீடுகளுக்குள் வெள்ளச் சேறு புகுந்தபோது உன் சித்தப்பாவைத் தேடிக்கொண்டு போனேனே, அன்றுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

அந்த விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன். போன தீபாவளிக்கு வந்தபோது உன் பழைய டேப்லெட்டை என் கையில் திணித்து, "ஸ்கூல் வாசல்ல அத்தன நேரம் சும்மாதானே ஒக்காந்திருக்கீங்க, இத வெளையாடுங்கப்பா, மூளைக்கு நல்லது" என்றாய். காலையில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பிரிஞ்சாங் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டால் மதியம் ஒன்றேகால் வரை எனக்கும் வேனுக்கும் வேலை கிடையாது. திறந்து பார்த்தேன். ஒரு மலை, வளைந்து வளைந்து ஒரு பாதை, பாதை முடிகிற இடத்தில் ஒரு கோட்டை. குட்டிப் பூதங்கள் வரிசையாக நடந்து வரும். நாம் ஓடிப்போய் அடிக்க முடியாது. பாதையோரம் கோபுரங்களைக் கட்டி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், கோபுரம் தானாகச் சுடும். இருபது பூதம் கோட்டைக்குள் நுழைந்துவிட்டால் ஆட்டம் போச்சு. ஐம்பத்தெட்டு வயதில் எனக்குப் பொம்மை விளையாட்டா என்று எரிச்சலாக வந்தது. அதுகள் நடந்து வருகிற லட்சணம் வேறு, கொழுந்தை எடை போட நிறுவைக்குக் கூடையோடு வரிசையில் போகிற நம் கொழுந்துக்காரர்கள் மாதிரியே இருந்தது. பாவம், இவர்களை எதற்குச் சுட வேண்டும் என்று மூடி, டேப்பை டாஷ்போர்டுக்குள் போட்டுவிட்டேன்.

மழை விடாமல் பெய்த ஒரு வாரம், வேறு போக்கிடம் இல்லாமல் மறுபடி எடுத்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. இந்த விளையாட்டைச் செய்தவனுக்கு நம் தோட்டத்துச் சாலை தெரியாது. எனக்குத் தெரியும். கோபுரத்தை நேர்ப்பாதையில் வைத்தால் பூதம் ஒரு தடவைதான் அடி வாங்கும். கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் வைத்தால் ஏறும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. முப்பது வருஷம் வளைவிலேயே வாழ்ந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? மளமளவென்று பத்து லெவல், இருபது லெவல் என்று ஏறினேன். ஒவ்வொன்றிலும் மூன்று நட்சத்திரம். திரிங்காப்பிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவரும் ஆ செங்கை உனக்குத் தெரியுமே, முட்டைக்கோசு லோரி ஓட்டிக்கொண்டிருந்து பிறகு வேனுக்கு வந்தவன். மலாயும் தமிழும் கலந்து பேசுவான். அவனும் தன் போனில் இதே விளையாட்டைப் போட்டுக்கொண்டு பதினெட்டில் முழித்துக்கொண்டிருந்தான். "அண்ணே, எப்படி அண்ணே? எனக்கும் சொல்லிக் குடு லா" என்று என் வேனில் வந்து உட்கார்ந்துகொண்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் அம்மா சோறு போட்டுக் கூப்பிட்டால் "இரு, ஒரு கூட்டம் வருது" என்பேன். "ஒங்களுக்குப் பேரப்பிள்ள வேணாம், இதே போதும்" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த இரண்டு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

முப்பத்தொன்றாவது லெவலில் நின்றுபோனேன். அதில் மூன்று பாதைகள், மூன்றும் நடுவில் இருக்கிற கோட்டைக்கு வரும். கோபுரம் மட்டும் போதாது. எந்தப் பாதையில் கூட்டம் சேர்கிறதோ அங்கே விரலால் தொட்டு இடி இறக்க வேண்டும். மேலே மலை உச்சியில் பனி மூடியிருப்பதுபோல் வரைந்திருப்பான். வலது பாதையைக் காப்பேன், நடுப்பாதையைக் காப்பேன், திடீரென்று கோட்டை சிவப்பாகி ஆட்டம் முடிந்துவிடும். யார் வந்தான், எந்த வழியாக வந்தான் என்றே தெரியாது. நாற்பது தடவைக்கு மேல் தோற்றிருப்பேன். பனிக்குள் ஒளிந்து வருகிற பூதம் என்று முடிவு கட்டினேன். நம் ஊரில் பனி எப்போது இறங்கும், எப்போது விலகும் என்று யாருக்குத் தெரியும், அதுபோலத்தான் இதுவும் என்று நினைத்துக்கொண்டேன். விளையாட்டுக்காரன் ஏமாற்றுகிறான் என்று கெட்ட வார்த்தையில் திட்டினேன். உன்னிடம் போனில், "ஒரு லெவல்ல மாட்டிக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் காலை, ஆ செங் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கோட்டை மேல் கண் வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். "கிரி!" என்றான். இடது பக்கம் என்று மலாயில் சொல்கிறான். நான் பார்த்தேன், ஒன்றும் இல்லை. "கிரி, அண்ணே, கிரி! வருது, வருது, நெறைய வருது!" என்று கத்தி, தாங்கமாட்டாமல் தன் விரலைக் கொண்டுவந்து திரையில் வைத்தான். அவன் விரலைப் பார்க்கத் தலையைத் திருப்பினேன். விரலுக்குக் கீழே இருபது பூதம் நின்றது. "பனிக்குள்ள ஒளிஞ்சு வர்றானுங்க" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "பனி மேலதானே இருக்கு. இங்க கிளியரா இருக்கு, அண்ணே. நீ பாக்கலயா?"

நான் சிரித்து மழுப்பி அவனை அனுப்பிவிட்டேன். பிறகு தனியாக உட்கார்ந்து மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை விளையாடவில்லை, சும்மா கோட்டையைப் பார்த்தபடி இருந்தேன். இடது பாதை காலியாக இருந்தது. கண்ணைத் திருப்பி இடது பாதையைப் பார்த்தேன், பத்துப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். மறுபடி கோட்டையைப் பார்த்தேன். பத்துப் பேரும் இல்லை. பாதை மட்டும் புல்லும் மண்ணுமாக அழகாகத் தெரிந்தது. திரும்பப் பார்த்தேன், இப்போது பதினைந்து பேர். ஏழெட்டுத் தடவை இப்படிச் செய்தேன். டேப்பை மடியில் போட்டேன். பிறகு தலையை அசைக்காமல் வேன் கண்ணாடி வழியாக நேரே பார்த்து, இடது கையை மெதுவாகப் பக்கவாட்டில் நீட்டினேன். ஓர் இடத்தில் என் கை காணாமல் போனது. கறுப்பாகத் தெரிந்திருந்தால்கூடத் தேவலை. அந்த இடத்தில் சீட்டும் கதவும் ஒழுங்காக இருந்தன, என் கை மட்டும் இல்லை.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் நாட்டில் ஓட்டுநர் வலது பக்கம். பிள்ளைகள் ஏறி இறங்குவது இடது பக்கம்.

இத்தனை நாள் இது எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பாய். தோட்டத்துச் சாலையில் நாங்கள் கண்ணால் ஓட்டுவதில்லை, காதால் ஓட்டுகிறோம். ஏறுகிற வண்டி வளைவுக்கு முன்னால் நீளமாக ஒரு ஹார்ன் அடிக்கும், இறங்குகிற வண்டி சின்னதாக இரண்டு. ஏறுகிறவனுக்குத்தான் வழி. பனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு மேல் யாருக்குமே எதுவும் தெரியாது, ஆனாலும் ஹார்னைக் கேட்டே போய்ச் சேர்ந்துவிடுவோம். கண் போனால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று சமவெளிக்காரன் சொல்லலாம். பாதி நாள் ஒன்றும் தெரியாத சாலையில் ஓட்டுகிறவன், தெரியாததையெல்லாம் பனி என்றே எடுத்துக்கொள்வான். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். கொழுந்து லோரிக்காரன் இரண்டு தடவை "என்னண்ணே, ஒரசுற மாரி வர்ற" என்றபோதுகூட, பனி என்றுதான் சொன்னேன். அன்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். தெரிந்த அன்றே சாவியைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. நான்கு மாதம் ஓட்டினேன். வேனில் பதினான்கு பிள்ளைகள். ஒவ்வொருவனுடைய அப்பனையும் எனக்குத் தெரியும், பாதிப் பேரின் அப்பனை நானே பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போயிருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று எனக்கே நூறு காரணம் சொல்லிக்கொண்டேன். உன் கல்யாணம் வருகிறது, வேலை இல்லாத சம்பந்தி என்று நீ கட்டப்போகும் சங்கீதா வீட்டில் நினைப்பார்கள். வேன் இல்லாவிட்டால் நம் லயத்து வரிசை வீடுகளில் நான் யார்? எல்லாம் சாக்கு. நிஜம் என்னவென்றால் எனக்குப் பயம். டாக்டரிடம் போனால் அவர் பெயர் வைத்துவிடுவார், பெயர் வைத்துவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயம். அதனால் ஒரு தந்திரம் செய்தேன். "பிள்ளைங்க ரொம்ப ஆட்டம் போடுதுங்க, நீ கூட வந்து ஒக்காரு" என்று உன் அம்மாவைக் கூப்பிட்டு முன்சீட்டில், என் இடது பக்கம் உட்காரவைத்தேன். போகிற வழியெல்லாம் "அந்தப் பக்கம் யாரு நிக்குறா? வழி இருக்கா?" என்று பேச்சுக் கொடுப்பேன். அவள் பாவம், முப்பது வருஷத்துக்குப் பிறகு இந்த மனுஷனுக்குத் திடீரென்று பொண்டாட்டி மேல் பாசம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வருவாள். அந்தப் பூவைப் பார்க்காமல் நான் சாலையையே பார்ப்பேன்.

நீ வைத்துக்கொடுத்த விளையாட்டை அந்த நான்கு மாதமும் நான் விடவில்லை. ஆனால் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பு ஜெயிக்கிறதற்காக விளையாடினேன். இப்போது தினமும் காலையில் அதே முப்பத்தொன்றைத் திறந்து, கோட்டையைப் பார்த்தபடி, இடது பக்கம் எந்த இடத்தில் பூதம் கண்ணுக்குப் படுகிறது என்று அளந்துகொண்டிருந்தேன். தைப்பூசத்துக்கு முன்னால் பாறைக்குப் பக்கத்தில் வந்தால் தெரிந்தது. பங்குனியில் அந்தப் பாறையே என் கண்ணுக்கு இல்லை, அதைத் தாண்டிப் பாலத்துக்கு வந்தால்தான் தெரிந்தது. அதுகள் ஒவ்வொரு வாரமும் கோட்டைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்துகொண்டிருந்தன. ஆ செங் என்னிடம் அதற்குப் பிறகு விளையாட்டைப் பற்றிப் பேசவில்லை. என் வேன் கிளம்புகிற வரைக்கும் தன் வேனை எடுக்காமல், இடது பக்கம் வந்து நின்று பிள்ளைகள் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்காக வாய் திறக்காமல் இருந்தான். அதுவும் தப்புதான்.

வைகாசி மாதம் ஒரு நாள் உன் அம்மாவுக்குக் காய்ச்சல். தனியாகப் போனேன். மதியம், நல்ல வெளிச்சம், பனி ஒரு துளிகூட இல்லை. கீழ் லயத்து முடக்கில் மூன்று பிள்ளைகளை இறக்கினேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இடது கண்ணாடியைப் பார்த்தேன், பார்த்தேன் என்றுதான் நினைத்தேன். காலியாக இருந்தது. கிளட்சை விட்டேன். டமார் டமார் என்று யாரோ வேன் மூஞ்சியில் அடிக்கிறார்கள். மேல் தோட்டத்திலிருந்து கூடையோடு இறங்கிக்கொண்டிருந்த கமலா, கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள். "நிறுத்துண்ணே! நிறுத்து! புள்ளண்ணே, புள்ள!" இறங்கி ஓடினேன். இறங்கிய மூன்றில் ஒன்று, முதல் வகுப்புக் குட்டி, காலிலிருந்து கழன்றுபோன சப்பாத்தை எடுக்க வேனின் இடது முன்பக்கம் குனிந்திருக்கிறது. சப்பாத்து டயருக்கு அடியில் இருந்தது. பிள்ளைக்குச் சிராய்ப்புகூட இல்லை. அது என்னைப் பார்த்து, "சாரி அங்கிள்" என்றது. ஐயோ தினேஷ், அது என்னிடம் மன்னிப்புக் கேட்டது. கமலா கத்தினாள், "கண்ணு தெரியலயாண்ணே ஒனக்கு?" கோபத்தில் எல்லாரும் கேட்கிற கேள்விதான் அது. நான் சாலையிலேயே உட்கார்ந்து, "தெரியல கமலா, தெரியல" என்று அழுதேன்.

மிச்சப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போய் அவரவர் வீட்டில் விட்டேன். அப்படியே ஆபீசுக்குப் போய்த் தோட்ட மேனேஜர் துரையின் மேசையில் சாவியை வைத்தேன். உன்னைவிட இரண்டு வயதுதான் கூட இருக்கும் இப்போதைய துரைக்கு. நான் எல்லாவற்றையும் சொன்னேன், நான்கு மாதம் மறைத்ததையும் சேர்த்து. அவர் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "என் பையனும் அந்த வேன்லதான் போறான், அங்கிள்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் அவரே ஈப்போவுக்கு ஒரு கண் டாக்டரிடம் போக ஏற்பாடு செய்தார். நீ அந்த நேரம் போன் செய்தபோது, ஈப்போவுக்குக் கல்யாணப் புடவை பார்க்கப் போனதாக உன் அம்மா சொன்னாளே, அன்றுதான். வேனை விட்டதற்கு முதுகுவலி என்று சொன்னோம். இரண்டும் பொய்.

டாக்டர் ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருந்த மெஷினுக்குள் என் முகத்தை வைக்கச் சொன்னார். நடுவில் ஒரு புள்ளி. அதை மட்டும் பார்க்க வேண்டும், சுற்றிலும் எங்கேயாவது வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கிற பித்தானை அமுக்க வேண்டும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இதைத்தானே நான்கு மாதமாக விளையாடிக்கொண்டிருக்கிறேன்! கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது, வலி இருக்காது, போன இடத்தை மூளையே ஏதாவது வைத்து நிரப்பிக்கொள்ளும், அதனால் போனது தெரியாது என்றார். போனது திரும்பாது. சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். பிறகு காகிதத்தைப் பார்த்தபடியே, "குடும்பத்துல வேற யாருக்கும் இருந்துச்சா? அப்பா? அம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் அப்பா ஞாபகத்துக்கு வந்தார்.

உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. குடிகாரர் என்று நான் சொல்லிக் கேட்டிருப்பாய். தண்ணி போடுவார், அது உண்மை. ஆனால் தோட்டத்தில் அவர் பெயர் கெட்டதற்குக் காரணம் வேறு. நடக்கும்போது ஆள் மேல் இடிப்பார், லயத்துப் படியில் தடுக்குவார், நிறுவைக்குப் போகும் வழியில் பெண்கள் மேல் மோதிவிட்டுத் திட்டு வாங்குவார். எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும், மாரியம்மன் கோவில் திருவிழாவில் பால்குடம் எடுத்து வந்த ஒரு பெண் மேல் இடித்துக் குடம் கவிழ்ந்துவிட்டது. "நான் குடிக்கலடா, அம்மா சத்தியமா குடிக்கல" என்று என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க நான் அவர் சட்டையைப் பிடித்து, "ஒனக்கு வெக்கமா இல்ல?" என்று தரதரவென்று இழுத்துப்போனேன். அடுத்த வருஷம் பட்டப்பகலில் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுந்து செத்தார். அன்றைக்கும் குடிதான் என்றார்கள். அவர் வாயை முகர்ந்து பார்த்தது நான்தான். வாடையே இல்லை. இருந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் பின்னே எப்படி விழுந்தார் என்று கேட்பார்களே என்று. டாக்டரிடம், "எங்கப்பாவுக்கு இருந்திருக்கும் டாக்டர்" என்றேன். அப்படியானால் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும், சின்ன வயதிலேயே வருகிற வகையும் உண்டு, சீக்கிரம் பிடித்தால் ஒன்றும் ஆகாது என்றார். ஒரே பிள்ளை என்றேன். என்ன வேலை என்று கேட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான் என்றேன். எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் அம்மா, "தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். கண்ணு போற குடும்பம்னு பேரு வந்தா எவன் பொண்ணு குடுப்பான்?" என்றாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவளும் பயத்தில்தான் சொன்னாள். நானும் தலையாட்டினேன். உன் கண்ணுக்கு ஒன்றும் இருக்காது, இரண்டு மாதம்தானே என்று நினைத்தேன். முன்பு பதினான்கு பிள்ளைகள் விஷயத்தில் என்ன செய்தேனோ அதையே என் சொந்தப் பிள்ளை விஷயத்திலும் செய்தேன். பட்டும் புத்தி வரவில்லை.

முந்தாநாள் சனிக்கிழமை நீ போன் செய்தாய். கல்யாணப் பத்திரிகை, மண்டபம், சங்கீதாவின் மாமா போடும் மாலை என்று பேசிக்கொண்டே வந்து, "அப்பா, நானும் இப்ப முப்பத்தொண்ணுக்கு வந்துட்டேன். ஒங்கள மாரியே மாட்டிக்கிட்டேன் லா. எடது பக்கம் பனிக்குள்ள ஒளிஞ்சு வர்றானுங்க, தெரியவே மாட்டேங்குது. கேம்காரன் ஏமாத்துறான்" என்று சிரித்தாய். நான் ஏதோ முனகிவிட்டு உன் அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். தினேஷ், எந்த லெவலில் மாட்டினேன் என்று நீ தோண்டித் தோண்டிக் கேட்டபோது முப்பத்தொன்று என்று சொல்லியிருப்பேன். ஆனால் இடது பக்கம் என்று நான் உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பனி என்றும் சொன்னதில்லை. மறுநாள் ஆ செங்கைக் கூப்பிட்டு அந்த லெவலை முதலிலிருந்து கடைசி வரைக்கும் விளையாடச் சொன்னேன். இடது பக்கம் தலையைத் திருப்பிவைத்து நானும் பார்த்தேன். ஒளிந்து வருகிற பூதம் அதில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பட்டப்பகலில், பாதை நடுவில்தான் நடந்து வருகின்றன.

நீ வேலைக் களைப்பில், அரைக்கண்ணால் விளையாடியிருக்கலாம். சின்ன போனில் விரல் மறைத்திருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அன்று மாலை முழுக்க வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கராத்தே வகுப்பில் எப்போதும் இடது கன்னத்திலேயே அடி வாங்கிக்கொண்டு வருவாய். பதினேழு வயதில் என் வேனை முதன்முதலாக ஓட்டியபோது இடது பக்கம் முழுவதையும் மதகுச் சுவரில் உரசினாய். "செவுரு தெரியலப்பா" என்றாய். பொய் சொல்கிறாய் என்று கன்னத்தில் அறைந்தேன். என் அப்பனுக்குக் குடிகாரர் என்று பெயர், உனக்குப் பொய்க்காரன் என்று அடி. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னீர்களோ என்னவோ. நடுவில் இருந்த நான்தான் பார்க்கவில்லை. அந்த அறைக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

சங்கீதாவிடம் நீயே சொல், நான் சொல்வது முறையில்லை. அவள் பள்ளிக்கூட டீச்சர், விவரம் தெரிந்த பெண். கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொன்னால் தள்ளிப்போடு. அம்மாவை நான் சமாளித்துக்கொள்கிறேன். ஆனால் அதெல்லாம் பிறகு. முதலில் கண் டாக்டர். வெறும் எழுத்துப் படிக்க வைக்கிற கண்ணாடிக் கடை வேண்டாம், அங்கே எனக்கும் எல்லா எழுத்தும் தெரிந்தது. அந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, பித்தானை அமுக்கச் சொல்லும் டாக்டரிடம் போ. போகிற வரைக்கும் கிரேன் ஏறாதே. காய்ச்சல் என்று சொல், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல், அது பொய்யும் இல்லை. கீழே உன் கூட வேலை பார்க்கிறவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள், தம்பி. மேலே இருக்கிறவன் தங்களைப் பார்க்கிறான் என்று நம்பி நின்றுகொண்டிருப்பார்கள்.

நீ போகமாட்டாய் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளைதானே. ஒன்றும் இருக்காது என்பாய், கல்யாணம் முடியட்டும் என்பாய், லீவு கிடைக்கவில்லை என்பாய். நான் எனக்குச் சொன்ன அத்தனையையும் நீயும் எனக்குச் சொல்வாய். அதனால் கேள். உன் சூப்பர்வைசர் நம்பர் என்னிடம் இருக்கிறது, பத்திரிகை கொடுக்க வேண்டும் என்று போன மாதம் நீதான் கொடுத்தாய். இன்று திங்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் டாக்டரின் காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பாவிட்டால், நானே அவருக்குப் போன் செய்து என் மகனைக் கிரேனில் ஏற்றாதீர்கள் என்று சொல்வேன். உன் வேலை போகும், மானம் போகும், கல்யாணமும் போகலாம். என்னோடு ஆயுசுக்கும் பேசாமல் இருந்துகொள். என் விஷயத்தை வெளியே சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆயிற்று, ஒரு பிள்ளையின் சப்பாத்து டயருக்கு அடியில் போகிற வரைக்கும். உனக்கு நான் நான்கு நாள்தான் கொடுப்பேன்.

அப்பா